கையடக்க ஆய்வுக்கூடம்

நோயைத் தீர்ப்பதற்கு மருந்து வேண்டும் என்பதை யாவரும் அறிவர். மருந்து கொடுப்பதற்கு முன்னர் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும் என்பதும் அனைவர்க்கும் உடன்பாடே. ஆயினும், அத்தெளிவு எத்துணைக் காலத்திற்குள் கிடைத்தல் வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் விடையும் ஒன்றரைத் திங்கள் கழித்துக் கிடைக்கும் விடையும் ஏட்டில் ஒரே சொல்லாக இருக்கலாம்; நோயாளிக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல.

காசநோயை எடுத்துக்கொள்வோம். எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் வழங்கிய நோய் இதுவே. நுரையீரலில் இந்நோய் கொண்ட ஒருவர் இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் நோய்க்கிருமிகள் காற்றிற் கலந்து அருகிலுள்ளோரை அடைகின்றன. 2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 இலட்சம் மக்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், 12½ இலட்சம் மக்கள் இதனால் மாண்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நோயுற்றோருள் நூற்றுக்கு 26 பேர் இந்திய நாட்டினர். இவ்வளவு பேரைக் கொல்லும் இந்நோய் தீராத நோயன்று. உரிய மாத்திரைகளை ஆறு திங்கள் தவறாது உண்டால் பெரும்பாலோர் முற்றும் நலம் பெறுவர். மருந்து இருந்தும் மக்கள் மடிவது ஏன்? காரணங்கள் பல. வறுமையும் ஊட்டக் குறைவும் அவற்றுள் தலையாயவை. நோய் இன்னதென அறிவதில் நேரும் காலத்தாழ்வு மற்றொன்று. அதனைப் பற்றியே இப்பாடம் கூறுகின்றது.

1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் செருமானிய மருத்துவ அறிஞர், காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்ட செய்தியை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அக்கிருமி சிறு கோல் போன்ற வடிவினது. அதன் மேற்புறம் மெழுகுத் தன்மை வாய்ந்தது. ஆதலின் எளிதில் சாயம் ஏற்காது. சூடேற்றி ஒருமுறை சாயம் ஏற்றிவிட்டால், அமிலத்தால் கழுவினும் அச்சாயத்தை விடாது. இவ்வியல்பைப் பயன்கொண்டு சீல், நீல்சன் என்னும் இருவர் ஒரு முறையை வகுத்தனர். நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயமும் இட்டு நுண்ணோக்கியிற் பார்த்தால், நீல நிறப் பரப்பின் நடுவே காசநோய்க் கிருமிகள் செந்நிறக் கோல்களாகத் தோன்றும்.

நூறாண்டுகட்கு மேலாக ஏழை நாடுகளில் இம்முறையே கைகொடுத்தது. இதனை இழித்துக் கூறுதல் முறையன்று. எத்தனையோ உயிர்களை இது காத்தது. ஆயினும் இதற்குக் குறைகள் உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பதினாயிரம் கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை நுண்ணோக்கியில் அகப்படுவது அரிது. அகப்பட்டாலும், அக்கிருமி வழக்கமான மருந்துக்கு அடங்குமா, அடங்காதா என்பதை நுண்ணோக்கி சொல்லாது. மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் கண்ணுக்கு ஒரே செந்நிறக் கோல்தான்.

இவ்வையத்தைத் தீர்ப்பதற்குக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் உணவிட்டு வளர்த்துப் பார்ப்பர். காசநோய்க் கிருமியோ மிக மெதுவாகப் பெருகுவது. நம் குடலில் வாழும் ஒரு வகைக் கிருமி நல்ல சூழலில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்குப் பதினைந்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஆதலின், அது கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்வதற்கு வாரக் கணக்கில் காத்திருத்தல் வேண்டும். பின்னர் மருந்தைக் கலந்து மீண்டும் வளர்க்க மேலும் சில வாரங்கள் செல்லும்.

இக்காத்திருப்பின் துன்பத்தைச் சிறிது நினைத்துப் பாருங்கள். நாட்கூலி வேலை செய்யும் ஒருவர் இருமலோடு சிற்றூர் மருத்துவ நிலையத்திற்கு வருகின்றார். இன்று சளி கொடு, நாளையும் கொடு, பின்னொரு நாள் வந்து முடிவைக் கேள் என்றால், அவர் மூன்று நாட்கூலியை இழக்கின்றார். முடிவைக் கேட்க வாராமலே போவோரும் உளர். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அடுப்பு எரிய வேண்டுமே! மருத்துவம் பெறாத ஒருவர் ஓராண்டில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு நோய்க்கிருமியைக் கொடுத்துவிடக் கூடும் என்பர். மருந்துக்கு அடங்காத கிருமியைக் கொண்டவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமக்குப் பயன்படாத மாத்திரைகளை உண்டு, நாளும் மெலிந்து, தம் இல்லத்தாரையும் அவர் நோயுறச் செய்ய நேர்கின்றது.

இந்நோயின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு சிறந்த இடம் உண்டு. காசநோயாளர் மலைப்பாங்கான இடத்தில், தூய காற்றும் நல்லுணவும் ஓய்வும் அமைந்த மருத்துவ இல்லங்களில் தங்கினாலன்றி நலம் பெறார் என்று முன்னர் நம்பியிருந்தனர். அத்தகைய இல்லங்களில் இடம் பெறுவோர் மிகச் சிலரே. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவின. அங்கு 193 நோயாளர் இரு பிரிவினராக வகுக்கப்பெற்றனர். ஒரு பிரிவினர் மருத்துவ இல்லத்தில் தங்கினர்; மற்றவர் தம் எளிய குடியிருப்புகளில் இருந்தவாறே அதே மருந்துகளை உண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ மற்றவரைப் போலவே நலம் பெற்றனர். அவரோடு உறைந்த சுற்றத்தார்க்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. அன்று முதல் மருந்து நோயாளியின் வீட்டை நாடிச் சென்றது. ஆனால் நோயை ஐயமற அறியும் ஆய்வு மட்டும் நெடுங்காலம் பெருநகர்களை விட்டுப் பெயரவில்லை.

அவ்வாய்வைப் பெயர்த்துக் கொணர்வதற்கு வழி கிருமியின் மரபணுவில் கிடைத்தது. மரபணு என்னும் சொல்லைக் குறித்து ஈண்டு ஒன்று கூறத் தோன்றுகின்றது. தொல்காப்பியத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்பது பெயர். விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பால் பெண்பாற் பெயர்களையும், உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும் முறையையும் கூறுவது அது. வழிவழியாக வருவது மரபு. பெற்றோரின் இயல்பு பிள்ளைக்கு வழிவழியாக வருதற்குக் காரணமான கூற்றை மரபணு என்று பெயரிட்டவர் பழஞ்சொல்லுக்குப் புதுப்பணி தந்தனர் என்று மகிழலாம்.

எல்லா உயிர்களுக்கும் அவற்றின் இயல்பைக் குறித்து வைத்த ஒரு நீண்ட ஏடு உண்டு. டி.என்.ஏ. என்னும் அவ்வேட்டில் உள்ள எழுத்துகள் நான்கே. அவை பல்வேறு வரிசையில் மாறி மாறி வரும். காசநோய்க் கிருமியின் ஏட்டில் ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அதனை முழுவதும் படித்து 1998-இல் அறிஞர் வெளியிட்டனர். அக்கிருமிக்கே உரிய எழுத்துத் தொடர் ஒன்று சளியில் இருக்குமாயின், கிருமியும் இருக்கின்றது என்று துணியலாம். ரிபாம்பிசின் என்பது இந்நோய்க்குரிய தலைசிறந்த மருந்து. அதற்கு அடங்காத கிருமிகளிற் பெரும்பாலானவற்றில், 81 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு பகுதியில் மாற்றம் காணப்படுகின்றது. அரம் என்பதில் ஓரெழுத்து மாறி அறம் என்றானால் பொருளே வேறாகிவிடுவதை நாம் அறிவோம். கிருமியின் ஏட்டிலும் ஓரெழுத்து மாறினால் போதும். மருந்து பயனற்றுப் போகும்.

இத்துணைச் சிறிய எழுத்தைப் படிப்பது எவ்வாறு? 1983-இல் அமெரிக்க அறிஞர் கேரி முல்லிசு என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். டி.என்.ஏ. என்பது இரு இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. 95 பாகை அளவு சூடேற்றினால் இரண்டு இழைகளும் பிரியும். ஓரளவு குளிரச் செய்தால், நாம் தேடும் தொடரின் இரு முனைகளிலும் சென்று ஒட்டிக்கொள்ளும் சிறு துணுக்குகளை இடலாம். பின்னர் ஒரு நொதி அத்துணுக்குகளிலிருந்து தொடங்கி விடுபட்ட இழையைப் பின்னி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. மீண்டும் சூடேற்றிக் குளிர்வித்தால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இருபது சுற்றில் பத்து இலட்சத்திற்கு மேலும், முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேலும் படிகள் உண்டாகும். காண இயலாத ஒன்று காணத்தக்க அளவு பெருகிவிடும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கொதிநிலைக்கு அண்மையான சூட்டில் நொதிகள் பொதுவாகக் கெட்டுவிடும். கெடாத நொதி ஒன்று எங்கிருந்து வந்தது? 1966-இல் தாமசு பிராக் என்னும் அறிஞர் அமெரிக்காவின் எல்லோசுடோன் காட்டில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் வாழும் கிருமி ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். ஊற்றின் சூட்டில் ஏதேனும் உயிர் வாழுமா என்னும் அறிவு வேட்கையே அவரை அங்கே செலுத்தியது. காசநோய் அவர் எண்ணத்தில் இல்லை. அக்கிருமியின் நொதியே பின்னர் இம்முறைக்கு உயிராயிற்று.

முறை கிடைத்தது, எனினும் அது சிற்றூரைச் சென்றடையவில்லை. சளியிலிருந்து டி.என்.ஏ.வைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். ஒரு நோயாளியின் சளித் துகள் மற்றொருவர் குழாயில் விழுந்துவிட்டாற்கூடப் பொய் முடிவு வரும். ஆதலின் தனித்தனி அறைகள் வேண்டும். மருந்துப் பொருள்களைக் கடுங்குளிரில் வைத்தல் வேண்டும். இவையெல்லாம் மாவட்டத் தலைநகரிலும் அக்காலத்தில் அரியவை.

இவ்விடத்தில்தான் நுண்பாய்மவியல் என்னும் புதுத்துறை துணை வந்தது. நீரும் காற்றும் போலப் பாய்ந்து செல்லும் இயல்புடைய பொருள்களைப் பாய்மம் என்பர். மயிரிழை போன்ற நுண்ணிய கால்வாய்களில் மிகச் சிறிதளவு பாய்மத்தைச் செலுத்தி வேலை வாங்கும் கலை நுண்பாய்மவியல். மில்லிலிட்டர் என்பது லிட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. மைக்ரோலிட்டர் என்பது அந்த மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. கண்ணுக்கு மருந்து விடும் துளியில் ஏறத்தாழ ஐம்பது மைக்ரோலிட்டர் இருக்கும்.

சிறுமையில் ஒரு பெருமை உண்டு. ஒரு குடம் நீர் காய்வதற்கு அரைமணி நேரம் ஆகும், ஒரு கரண்டி நீர் நொடிப் பொழுதில் காய்ந்துவிடும், ஆறுவதும் அவ்வாறே. துளியின் பருமன் குறையக் குறைய, பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதியாகும். அதனால் சூடு விரைந்து ஏறும், விரைந்து இறங்கும். முப்பது நாற்பது முறை சூடேற்றிக் குளிர்விக்க வேண்டிய இவ்வேலைக்கு இதைவிட ஏற்றது வேறில்லை. சிறு துளியைச் சூடேற்ற மின்கலத்தின் ஆற்றலே போதும். விலையுயர்ந்த மருந்துப் பொருளும் சிறிதே செலவாகும்.

ஆனால், சிறுமையில் இடர்களும் உண்டு. அகன்ற ஆற்றில் நீர் சுழித்துக் கலக்கும். மயிரிழைக் கால்வாயில் இரு நீர்மங்களை ஒருசேர விட்டால் அவை கலவாமல் அருகருகே அமைதியாக ஓடும். அவற்றைக் கலக்கச் செய்வதே பெரும்பாடு. கால்வாயை வளைத்து வளைத்து அமைத்தும், அதன் அடியில் மேடு பள்ளம் செய்தும் கலக்க முயல்வர். ஒரு காற்றுக் குமிழி புகுந்தாலோ பாதை முழுவதும் அடைபடும். சளியின் பிசுபிசுப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அதனை முதலில் நீர்க்கச் செய்யாமல் எக்கால்வாயிலும் விட இயலாது. கருவி செய்வோர் பெரிதும் உழைத்தது மரபணுவைப் படிப்பதில் மட்டுமன்று. இக்குமிழியோடும் சளியோடும் போராடுவதிலுமாம்.

ஆய்வுக்கூடம் முழுவதையும் ஒரு சிறு தகட்டில் அமைக்கலாம் என்னும் கருத்தை 1990-இல் ஆந்திரேயாசு மான்சு என்னும் அறிஞரும் அவர் துணைவரும் எடுத்துரைத்தனர். மரபணுவைப் பெருக்கும் வேலையைச் சிலிக்கன் சில்லின் சிறு குழியில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் இலாரன்சு இலிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் நார்த்ரப், அது 1993-இல். அவர் முதலானோர் 1996-இல் செபீடு என்னும் தொழிலகத்தைத் தொடங்கினர். 2001-இல் அமெரிக்காவில் சிலர்க்குக் கொடிய அடைப்பான் நோய்க் கிருமி பொதிந்த கடிதங்கள் அஞ்சலில் வந்தன; ஐவர் இறந்தனர். அதன்பின் அஞ்சல் நிலையங்களின் காற்றில் அக்கிருமி உளதா என்று ஆராய்வதற்கு இத்தொழிலகத்தின் கருவிகளை அந்நாட்டு அரசு அமைத்தது. அஞ்சி வாங்கிய கருவி பின்னர் அருளுக்குப் பயன்பட்டது. சளியை இட்டதும் பல அறைகளையுடைய பிளாஸ்டிக் பேழைக்குள் எல்லா வேலையும் தானே நடந்து, இரண்டு மணி நேரத்திற்குள் காசநோய் உளதா, ரிபாம்பிசினுக்கு அடங்குமா என்னும் இரண்டு வினாவிற்கும் விடை தரும் ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் கருவி உருவாயிற்று. ஒரு மில்லிலிட்டரில் 130 கிருமி இருப்பினும் அது கண்டறியும். 2010-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

இக்கருவியும் நகரத்தின் பிள்ளையே. தடையில்லா மின்சாரம் வேண்டும். அறையின் வெப்பம் 30 பாகைக்கு மேற்படலாகாது. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் குளிரூட்டாத எந்த அறை 30 பாகைக்குள் அடங்கும்? ஆதலின் கருவி மாவட்ட மருத்துவமனையில் இருக்க, சளிதான் பேருந்தேறிச் சென்றது.

இந்நிலையில் நம் நாட்டவரே வேறொரு கருவியை ஆக்கினர். பெங்களூரில் உள்ள பிக்டெக் என்னும் ஆய்வகமும் கோவாவில் உள்ள மோல்பயோ என்னும் தொழிலகமும் பல்லாண்டு முயன்று ஆக்கிய அதன் பெயர் ட்ரூநாட். மேசைமேல் வைக்கத்தக்க இரு சிறு கருவிகள். இரண்டும் மின்கலத்தால் இயங்குவன. 40 பாகை வெப்பத்தையும் தாங்குவன. வேலை நடக்கும் முறை இது: சளியை ஒரு நீர்மத்தோடு கலந்து நீர்க்கச் செய்து, கிருமியின் மேலுறையைக் கரைப்பர். அதனை ஒரு பேழையில் விட்டு முதற் கருவியில் வைத்தால், டி.என்.ஏ. மட்டும் அரிக்கப்பட்டுத் தூயதாக வந்து சேரும். அதில் ஆறு மைக்ரோலிட்டர் அளவு, அதாவது ஒரு துளியில் எட்டில் ஒரு கூறு, எடுத்து நகத்தினும் சிறிய குழியுடைய சில்லில் இடுவர். இரண்டாம் கருவி அதனைச் சூடேற்றியும் குளிர்வித்தும் பெருக்கும். படிகள் பெருகுந்தோறும் ஒளிரும் சாயம் மிகுதியாக ஒளிவிடும். கருவி அவ்வொளியை அளந்து விடை சொல்லும். மருந்துப் பொருள்களை உலர்த்தி வைத்திருப்பதால் கடுங்குளிர்ப் பெட்டி வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு வரும். காசநோய் உண்டென்று வந்தால், அதே டி.என்.ஏ.வை வேறொரு சில்லில் இட்டு, மருந்துக்கு அடங்குமா என்பதை மேலும் ஒரு மணி நேரத்தில் அறியலாம்.

இந்தியா, பெரு, எத்தியோப்பியா, பாப்புவா நியூகினி ஆகிய நான்கு நாடுகளில் இக்கருவி சோதிக்கப்பெற்றது. நுண்ணோக்கி நிலையங்களில் வேலை செய்யும் ஆய்வக நுட்புநர்களே அங்கு இதனை இயக்கினர். கிருமி வளர்ப்பால் நோயுண்டென உறுதியான நூறு பேரில், இதன் ஒருவகைச் சில்லு ஏறத்தாழ 73 பேரையும் மற்றொரு வகை 80 பேரையும் கண்டறிந்தது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கும் ஒப்புதல் அளித்தது. நூற்றுக்கு நூறு என்று யாரும் பறைசாற்ற வேண்டா. இருபது பேரைத் தவறவிடும் கருவி இது என்பதை மருத்துவர் மறவாதிருத்தல் நன்று. ஐயம் நீங்காவிடத்துக் கிருமி வளர்ப்பையே நாடுதல் வேண்டும். இன்னொன்றும் உண்டு. இறந்த கிருமியின் ஏடும் சிலகாலம் அழியாமல் இருக்கும். அதனையும் கருவி படித்துவிடும். ஆகவே, மருந்துண்பவர் நலம் பெறுகின்றாரா என்று அறிவதற்கு இது பயன்படாது. பழைய நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்புமே அதற்கு இன்னும் வேண்டும்.

அதே 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தது. அந்நோய்க்கிருமியின் ஏட்டைச் சீன அறிஞர் சனவரித் திங்களிலேயே வெளியிட்டனர். எழுத்து வரிசை தெரிந்தால், அதனைத் தேடும் துணுக்குகளை மாற்றியமைத்துப் புதுச் சில்லு செய்துவிடலாம். கருவியை மாற்ற வேண்டியதில்லை. ஆதலின், காசநோய்க்கென ஆக்கிய இச்சிறு கருவியில் கொரோனாவைக் கண்டறிய ஏப்ரல் திங்களிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இசைவளித்தது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத மாவட்டங்கள் பலவற்றிற்கு அது பெருந்துணையாயிற்று.

இன்னும் தீராத ஓர் இடர் கருவிக்கு வெளியே இருக்கின்றது. நல்ல சளி கிடைத்தாலன்றி எக்கருவியும் பயன்படாது. சிறு குழந்தைகளுக்குச் சளியை வெளிக்கொணர்ந்து உமிழத் தெரியாது; விழுங்கிவிடுவர். உடல் மிக நலிந்தோர்க்கும் அது வாராது. அவர்க்காக, நாவின் மேற்பரப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து ஆராயும் வழியை இப்பொழுது தேடி வருகின்றனர். நாவில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சளியில் உள்ளவற்றினும் மிகக் குறைவு. அச்சிலவற்றையும் தவறவிடாமல் பிடித்து, கரைத்து, துளியின் எட்டில் ஒரு கூற்றுக்குள் கொணர்ந்து சேர்க்கும் முயற்சியில் பல நாட்டு ஆய்வாளர் ஈடுபட்டுள்ளனர்.